யுஷிமா தென்ஜின்: நடுத்தர மதிப்பெண்ணில் தேறிய தெய்வம்

தோக்கியோவில் ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் ஆலயங்களில் ஒரே ஒன்றைப் பார்க்க மட்டுமே நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலோர் மெய்ஜி ஆலயத்தைச் சொல்வார்கள். மரங்கள் அடர்ந்த அந்தப் பெருவளாகத்தைப் பரிந்துரைப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஜப்பானியர் ஒரு தெய்வத்திடம் என்ன கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், கேட்டது கிடைத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, புன்கியோ வட்டாரத்தில் ஒரு மேட்டின் மேல் அமைந்துள்ள யுஷிமா தென்ஜின் ஆலயத்தைத்தான். 2000-ஆம் ஆண்டிலிருந்து அதன் முறையான பெயர் யுஷிமா தென்மங்கூ. எனினும் பேச்சு வழக்கில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. இடம் சிறியது, நுழைவுக் கட்டணம் கிடையாது, நிதானமாகப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

பணியின் பொருட்டு இந்நகரில் வசிக்கும் நான் அங்கே முதன்முதலில் போனதற்குப் பக்தியும் காரணமல்ல, ஆராய்ச்சி ஆர்வமும் காரணமல்ல. அக்காவின் மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருந்த ஆண்டு அது. "அந்த ஊர்ல படிப்புக்குன்னே ஒரு சாமி இருக்காராமேடா, பையனுக்கு ஒரு பென்சிலோ பேனாவோ அங்க வச்சு வாங்கி அனுப்பேன்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். அவருக்கு அந்தச் செய்தியை யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அந்த ஜனவரியில் ஒரு முறை போனவன், பிறகு பிப்ரவரிக் கடைசியில் ஒரு முறை, மழை பெய்த ஜூன் மாதத்தில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை என்று மொத்தம் நான்கு முறை போய்வந்திருக்கிறேன். இந்த மதிப்பீடு அந்த நான்கு வருகைகளையும் சேர்த்து எழுதியது.

போகும் வழி எளிது. சியோதா சுரங்க ரயில் தடத்தில் யுஷிமா நிலையத்தில் இறங்கி மூன்றாம் எண் வாயிலில் வெளியே வந்தால் இரண்டு நிமிட நடைதான். மேட்டின் மேல் ஏறுவதற்குப் பழைய காலத்திலேயே பெயரிட்டு வைத்த வழிகள் இருக்கின்றன: செங்குத்தாக 38 கற்படிகளோடு ஏறுவது 'ஆண் சரிவு'; இடையிடையே நின்று இளைப்பாறும்படி மெதுவாக ஏறுவது 'பெண் சரிவு'; 'தம்பதி சரிவு' என்றும் ஒன்று உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் பெயரைப் பொருட்படுத்தாமல் பெண் சரிவிலேயே ஏறலாம், அல்லது தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வரலாம். அந்த முன்வாசலில் நிற்கும் செம்புத் தோரணம் 1667-இல் எழுப்பப்பட்டது. தோரி என்று ஜப்பானியர் சொல்லும் இந்த வாயில் பெரும்பாலும் மரத்திலோ கல்லிலோ இருக்கும். செம்பில் வார்த்தது அரிது என்பதால் உள்ளே நுழையும் முன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது. 1856-இல் ஓவியர் ஹிரோஷிகே, பனி பெய்த ஒரு நாளில் இந்த மேட்டின் உச்சியிலிருந்து தெரிந்த ஷினோபாசு குளத்தை வரைந்தார். இன்று அதே இடத்தில் நின்றால் அடுக்குமாடிக் கட்டடங்களின் முதுகுதான் தெரியும். குளம் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் தண்ணீர்த் தொட்டி. அகப்பையால் நீரை மொண்டு முதலில் இடக்கையையும் பிறகு வலக்கையையும் கழுவி, உள்ளங்கையில் சிறிது ஊற்றி வாயைக் கொப்பளித்து, மிச்ச நீரால் அகப்பையின் கைப்பிடியையும் கழுவி வைக்க வேண்டும். முதல் முறை நான் அகப்பையிலேயே வாய் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் முகம் சுளிக்கவில்லை. ஒன்றும் பேசாமல் தாமே ஒரு முறை நிதானமாகச் செய்து காட்டிவிட்டுப் போனார். சந்நிதியில் காணிக்கைப் பெட்டியில் காசைப் போட்டு, இரு முறை குனிந்து வணங்கி, இரு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும். காசு பெரும்பாலும் ஐந்து யென். ஐந்து யென் என்பதைக் குறிக்கும் 'கோ-என்' என்ற ஒலிக்கு நல்ல தொடர்பு, கொடுப்பினை என்ற பொருளும் இருப்பதால் வந்த வழக்கம் இது. இந்த ஆலயத்துத் தெய்வத்தின் முகமே 1888-இல் வெளியான ஐந்து யென் நோட்டில் அச்சாகியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தபோது, அந்தச் சிறு காசு இங்கே சற்றுக் கூடுதலாகவே பொருந்துகிறது என்று தோன்றியது.

நம் ஊர்க் கோயிலுக்குப் போகும் எண்ணத்தோடு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இங்கே தரிசனம் கிடையாது. தெய்வம் குடிகொண்டதாகக் கருதப்படும் புனிதப் பொருள் உள்மண்டபத்தில் மறைவாக இருக்கும். திரை விலகாது, தீபாராதனை இல்லை, பிரசாதத் தட்டும் வராது. கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பார்க்கத் தகுந்ததே. பழைய மண்டபம் 1885-இல் கட்டப்பட்டுத் தேய்ந்துபோனதால் 1995-இல் முழுவதும் ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் புதிதாக எழுப்பினார்கள். நகரத்தின் தீத்தடுப்பு வட்டாரத்துக்குள் மரத்தால் கட்டுவதற்குச் சட்டம் இடம் தராது என்பதால் அமைச்சகத்தின் தனி அனுமதி பெற்றே இதைக் கட்ட வேண்டியிருந்தது. கான்கிரீட்டில் கட்டி மரநிறம் பூசிவிட்டிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யாமல் அனுமதிக்காக அலைந்தவர்களின் பிடிவாதத்துக்கான பலனை, மழை நாளில் கூரை விளிம்பின் கீழே ஒதுங்கி நின்றபோது மூக்கு உணர்ந்தது. ஈரக் காற்றில் அந்த மரத்துக்குத் தனி மணம் உண்டு.

ஆனால் கட்டடத்துக்காக மட்டும் இங்கே வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே வரவேண்டியது இந்தத் தெய்வத்துக்காக. அவர் ஒரு காலத்தில் அரசு ஊழியராக இருந்தவர் என்பதற்காக.

தென்ஜின் என்று இன்று வணங்கப்படும் சுகவாரா நோ மிச்சிசானே 845-இல், பரம்பரை பரம்பரையாகச் சீன இலக்கியம் கற்பித்துவந்த குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அரசுப் பணியின் உயர்படிக்கு ஏற வேண்டுமானால் அவ்வளவு எளிதில் எவரும் தேறாத ஓர் எழுத்துத் தேர்வு இருந்தது. 870-இல் அவர் அதை எழுதியபோது கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளில் ஒன்று குலங்களின் தோற்றம் பற்றியது, மற்றது நிலநடுக்கம் பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாட்டின் வடகிழக்குக் கரையைப் பெரும் நிலநடுக்கமும் கடல் பொங்கலும் தாக்கியிருந்தன. வினாத்தாள் தயாரித்தவர் நடப்புச் செய்திகளைக் கவனித்தவர் போலும். மிச்சிசானே தேறினார், ஆனால் 'நடுவில் மேல்' என்ற தரத்தில்தான் தேறினார். திருத்தியவர் குறைகளைச் சுட்டி எழுதிய பின்பே தேர்ச்சி கொடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் திரள் திரளாக வந்து முதல் மதிப்பெண் கேட்டு வணங்கும் இந்தத் தெய்வம், தாம் எழுதிய மிகப் பெரிய தேர்வில் நடுத்தரமாகத்தான் தேறினார் என்ற செய்தி எனக்கு அவர் மேல் மிகுந்த பிரியத்தை உண்டாக்கியது. தேர்வெழுதப் போகும் பிள்ளைகளிடம் பெற்றோர் அவசியம் சொல்ல வேண்டிய வரலாறு இது என்பேன்.

அதன் பிறகு அவர் ஏறிய ஏற்றம் விரைவானது. ஷிக்கோக்கு தீவில் சனுக்கி மாநில ஆளுநராக நான்கு ஆண்டுகள் இருந்து திரும்பி, பேரரசர் உதாவின் நம்பிக்கைக்கு உரியவரானார். 894-இல் சீனத்துத் தாங் அரசவைக்குத் தூதராக நியமிக்கப்பட்டபோது, அங்கே நாடு சீர்குலைந்து கிடக்கிறது, கடற்பயணமும் ஆபத்தானது, இப்பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தாமே விண்ணப்பம் எழுதினார். தூதுக்குழு புறப்படவே இல்லை. 907-இல் தாங் அரசே விழுந்தது. 899-இல் அவர் அரசவையின் உயர்பதவிகளுள் ஒன்றான வலப்பக்க அமைச்சர் பதவியை அடைந்தார். ஃபுஜிவாரா குலத்தாரின் கையில் அதிகாரம் குவிந்திருந்த அவையில் ஓர் ஆசிரியர் குடும்பத்துப் பிள்ளை அந்த இடத்தை எட்டியதைப் பொறுக்காத இடப்பக்க அமைச்சர் தொக்கிஹிரா, அரியணை மாற்றச் சதி செய்கிறார் என்று அவர் மேல் பழி சுமத்தினார். 901-இல் மிச்சிசானே கியூஷூ தீவிலுள்ள தசைஃபுவுக்குத் துரத்தப்பட்டார். பெயரளவில் பதவி, உண்மையில் நாடு கடத்தல். இரண்டே ஆண்டுகளில், 903-இல், வறுமையில் அங்கேயே இறந்துபோனார்.

கதை உண்மையில் தொடங்குவது அதற்குப் பிறகுதான். 909-இல் தொக்கிஹிரா நாற்பது வயதைத் தொடாமலே இறந்தார். 923-இல் பட்டத்து இளவரசர் இறந்தார். அரண்மனை அஞ்சி, இறந்துபோனவருக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் போதவில்லை. 930-இல் கியோத்தோ அரண்மனையின் செய்ர்யோதென் மண்டபத்தில் இடி விழுந்து அவையினர் மாண்டனர். அதைக் கண்டு நோயுற்ற பேரரசர் தைகோ சில மாதங்களில் காலமானார். இடியாக இறங்கியவர் மிச்சிசானேதான் என்று நகரமே நம்பியது. 947-இல் கியோத்தோவின் கித்தானோவில் அவருக்கு ஆலயம் எழுந்தது. 993-இல், அதாவது இறந்து 90 ஆண்டுகள் கழித்து, அவருக்கு நாட்டின் தலைமை அமைச்சர் பதவி வழங்கப்பட்டது. பதவி பறித்ததால் வந்த கோபத்தைப் பதவி உயர்வு கொடுத்தே தணிக்க முயன்ற அந்த அலுவலக மனப்பான்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஒருவிதத்தில் நியாயமாகவும் படுகிறது.

அநியாயமாகச் செத்தவர் தெய்வமாவது நமக்குப் புதிதல்ல. மதுரை வீரனையும் காத்தவராயனையும் கும்பிடுகிற மண்ணில் பிறந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவனுக்கும் கழுவில் ஏற்றப்பட்டவனுக்கும் படையல் போடுகிற நாம், நாடு கடத்தப்பட்ட அமைச்சருக்கு மணியடித்துக் கைதட்டுவதைப் பார்த்து வியக்கப் போவதில்லை. இடி முழங்கினால் நம் பாட்டிமார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள் அல்லவா, இங்கே அதே வேளையில் "குவாபரா, குவாபரா" என்கிறார்கள். குவாபரா என்பது மிச்சிசானேயின் நிலம் இருந்த ஊராம். எங்கும் விழுந்த இடி தம் சொந்த ஊரில் மட்டும் விழவில்லை என்பதால், இதுவும் அந்த ஊர்தான் என்று சொல்லி இடியை ஏமாற்றும் உத்தி. வேறுபாடு ஒன்று உண்டு. நம் ஊரில் இத்தகைய தெய்வங்கள் பெரும்பாலும் ஊர் எல்லையிலேயே காவலுக்கு நின்றுவிடுகின்றன. இவரோ மெல்ல மெல்லக் கோபம் தணிந்து, கவிஞராகவும் அறிஞராகவும் மக்கள் நினைவில் மீண்டும் எழுந்து, எடோ காலத்து (1603–1868) எழுத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் தூரிகை பிடிக்கும் முன் வணங்கும் படமாகி, படிப்பின் தெய்வமாகிவிட்டார். நாடெங்கும் அவருக்கு ஏறத்தாழ 12,000 ஆலயங்கள் உள்ளன. அவற்றில் யுஷிமாவும் ஒன்று. 1355-இல் இங்கே அவரைக் குடியேற்றினார்கள் என்கிறது தலபுராணம்.

வளாகத்தில் படுத்திருக்கும் எருதுச் சிலையைத் தடவாமல் எவரும் போவதில்லை. உடம்பில் எந்த இடம் நோகிறதோ எருதின் அந்த இடத்தைத் தடவ வேண்டும்; மாணவர்கள் எல்லோரும் தலையைத் தடவியதில் அது மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. பன்னிரு விலங்குகளின் பெயரால் ஆண்டுகளை எண்ணும் கீழை நாட்டு முறைப்படி அவர் பிறந்தது எருது ஆண்டில் என்றும், அவருடைய உடலை இழுத்துச் சென்ற எருது ஓரிடத்தில் படுத்துக்கொண்டு எழ மறுத்ததால் அங்கேயே அடக்கம் செய்தார்கள் என்றும் காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் வேறொன்று. தென்ஜினின் முழுப் பட்டத்தில் 'தைஜிசாய்' என்ற சொல் வருகிறது. பௌத்தத்தின் வழியே ஜப்பானுக்கு வந்த மகேசுவரனுக்கு அங்கே வழங்கும் பெயர் தைஜிசாய்தென், அவருடைய ஊர்தி வெள்ளை எருது. இந்த வழியாகத்தான் எருது தென்ஜினிடம் ஒட்டிக்கொண்டது என்று ஒரு கருத்து உண்டு. அது சரியானால், தோக்கியோ மாணவன் தேர்வுக்கு முன் தடவிப் பார்க்கும் அந்தத் தலை நமக்கு ஒருவகையில் நந்தியின் தலை. காதில் வேண்டுதலைச் சொல்லும் வழக்கம் மட்டும் இங்கே இல்லை. நான் பழக்கதோஷத்தில் குனியப் போய், பிறகு நிமிர்ந்துகொண்டேன்.

இந்த ஆலயத்தில் நான் மிக அதிக நேரம் நின்ற இடம் எமாப் பலகைகள் தொங்கும் சட்டங்களின் முன்னால். எமா என்றால் படக் குதிரை. பழங்காலத்தில் ஆலயத்துக்கு உயிருள்ள குதிரையைக் காணிக்கை தந்தவர்கள், அதற்கு வசதி இல்லாதபோது பலகையில் குதிரையை வரைந்து தந்தார்களாம். உள்ளங்கை அகல மரப்பலகையை வாங்கி, பின்பக்கத்தில் வேண்டுதலை எழுதி, நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஜனவரியில் பலகை மேல் பலகையாக, ஓர் ஆள் உயரத்துக்கு, தொட்டால் கடகடவென்று ஆடும் மரச்சுவரே எழுந்துவிடுகிறது. ஜனவரி நடுவில் நாடு முழுவதற்குமான பொது நுழைவுத்தேர்வு. அதற்குப் பிறகு தனியார் பல்கலைக்கழகங்களின் தேர்வுகள். பிப்ரவரி 25-இல் தேசியப் பல்கலைக்கழகங்களின் முதற்கட்டத் தேர்வுகள் தொடங்குகின்றன. பழைய நாட்காட்டிப்படி மிச்சிசானே இறந்ததும் இரண்டாம் மாதம் 25-ஆம் நாளில்தான். நாள் குறித்தவர்கள் அதை எண்ணிக் குறித்திருக்கமாட்டார்கள் என்றாலும் பொருத்தம் விசித்திரமாக இருக்கிறது.

பலகைகளைப் படிப்பது அநாகரிகமா என்று முதலில் தயங்கினேன். எல்லோரும் படிக்கிறார்கள், தெய்வத்துக்கு எழுதிய கடிதம் என்றாலும் திறந்த கடிதம்தான். பெரும்பாலானவற்றில் பல்கலைக்கழகத்தின் பெயரும் துறையின் பெயரும் 'கட்டாயம் தேர்ச்சி' என்ற நான்கு எழுத்துகளும் மட்டுமே இருக்கும், அரசு விண்ணப்பம் போல. நடை தூரத்திலேயே தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகம் இருப்பதால் அதன் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அவற்றுக்கு நடுவே மனத்தைத் தைப்பவையும் உண்டு. மூன்றாம் முறையாக எழுதுகிறேன், இதுவே கடைசி என்று ஒரு பலகை. செவிலியர் தேர்வெழுதும் தன் அம்மாவுக்காக, இன்னும் எழுத்து கூடிவராத கையால் ஒரு குழந்தை எழுதியது ஒன்று. தேர்ச்சி வேண்டும் என்று எழுதாமல், அன்று காய்ச்சல் வராமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டது ஒன்று. முழு மதிப்பெண் எடுக்காத தெய்வத்திடம் கேட்பதற்கு இந்தக் கடைசி வேண்டுதல்தான் மிகப் பொருத்தமானது என்று எனக்குப் பட்டது. படம் எடுப்பவர்கள் பெயர்கள் தெரியாதபடி தள்ளி நின்று எடுப்பது மரியாதை.

விற்பனைக் கூடத்தில் வாங்குவதற்கு உரியவை நிறைய இருந்தாலும் எல்லாமே வாங்கத் தகுந்தவை அல்ல. பட்டுத் துணிப் பைக்குள் தைத்த ஓமமோரி என்னும் காப்பு எந்த ஆலயத்திலும் கிடைக்கும். இங்கே வாங்க வேண்டியது கல்வி வெற்றிக்கான பென்சில்தான்; பயன்படும் பொருள், விலையும் அதிகமில்லை, கடிதத்தில் வைத்து அனுப்பினாலும் உடையாது. ஒரு பலகைக்கும் ஒரு காப்புக்கும் சேர்த்து நகரத்தில் ஓரளவு நல்ல மதிய உணவுக்கு ஆகும் தொகை ஆகும். ஓமிகுஜி என்னும் குறிச்சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்தது 'சிறு நற்பேறு'. அதிகம் எதிர்பார்க்காதே என்று மரியாதையாகச் சொல்லும் சீட்டு அது. கெட்ட சீட்டு வந்தால் அங்குள்ள கம்பியில் முடிந்துவிட்டு வந்துவிடலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஜனவரி 25-இல் போகிறவர்களுக்கு உசோ என்னும் பறவையின் மரப்பொம்மையை மாற்றிக்கொள்ளும் சடங்கையும் பார்க்கும் வாய்ப்புண்டு. உசோ என்றால் பொய் என்றும் பொருள். கடந்த ஆண்டில் சொன்ன பொய்களையும் பட்ட கெடுதிகளையும் பழைய பறவையோடு ஒப்படைத்துவிட்டு, புதிய பறவையோடு வீடு திரும்புகிறார்கள்.

பிப்ரவரி 8 முதல் மார்ச் 8 வரை இங்கே ஊமே என்னும் ஜப்பானியப் பிளம் மலர்த் திருவிழா, 1958-இலிருந்து நடக்கிறது. செர்ரிக்கு முன்பே, குளிர் விடாத காலத்தில் பூக்கும் இந்த மரங்கள் ஏறத்தாழ 300 நிற்கின்றன, பெரும்பகுதி வெள்ளைப் பூ. இந்த மரத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு வெறும் அலங்கார உறவல்ல. தலைநகரை விட்டுப் புறப்பட்டபோது மிச்சிசானே தம் தோட்டத்து ஊமே மரத்தைப் பார்த்து, கீழைக் காற்று வீசும்போது உன் மணத்தை எனக்கு அனுப்பு, தலைவன் இல்லை என்பதற்காக வசந்தத்தை மறந்துவிடாதே என்று பாடினார். அதைக் கேட்ட மரம் ஒரே இரவில் பறந்துபோய் தசைஃபுவில் அவர் வாசலில் நின்றதாம். தலைவன் இறந்துபட்ட பின்னும் நீ பூத்தாயே என்று முல்லையை நொந்துகொண்ட சங்கப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு, நான் இல்லாவிட்டாலும் பூத்துவிடு என்று வேண்டிக்கொள்ளும் இந்தக் குரல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது போல ஒலிக்கிறது. பூக்களைப் பற்றி மட்டும் சொன்னால், பெரிய தோட்டங்களோடு ஒப்பிட இயலாது. ஆனால் பூத்த கிளைகளுக்குக் கீழேயே எமாச் சுவர் நிற்பதும், தேர்வு முடித்த பிள்ளைகளும் முடிக்காத பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பதும் தோட்டங்களில் கிடைக்காத காட்சி. நவம்பரில் செவ்வந்திக் கண்காட்சி உண்டு. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காகவே தனியாக வர வேண்டியதில்லை.

மூலவர் தென்ஜின் மட்டுமல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 458-இல் இந்த மேட்டில் முதலில் குடியேற்றப்பட்டதாகச் சொல்லப்படுபவர் அமே நோ தஜிகராவோ. குகைக்குள் ஒளிந்துகொண்ட சூரிய தேவியை வெளியே இழுத்து உலகுக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தந்த வலிமைத் தெய்வம். ஒன்பது நூற்றாண்டுகள் தனியாக இருந்தவர், பிறகு வந்த அறிஞருக்கு இடம் கொடுத்தார். இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக்கூட அறியாமல் திரும்புகிறார்கள். விளையாட்டுப் போட்டிக்காக வேண்டிக்கொள்ள வந்திருந்த ஒரு பள்ளி அணியைத் தவிர அவரை நாடி வந்தவர்களை நான் கண்டதில்லை.

தவறவிடக் கூடாத இன்னொன்று, வளாகத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு கல்தூண். 1850-இல் நட்டது. ஒரு பக்கம் 'தேடுவோர்', மறுபக்கம் 'தெரிவிப்போர்' என்று பொறித்திருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் அடையாளங்களை எழுதிய தாளை ஒரு பக்கம் ஒட்டுவார்கள். பிள்ளையைக் கண்டவர்கள் மறுபக்கம் ஒட்டுவார்கள். 1842-இல் தடை வரும்வரை இங்கே குலுக்குச் சீட்டு நடத்துவதற்கு அரசின் அனுமதியும் இருந்தது; கூட்டம் கூடிப் பழகிய இடம் இது. ஓர் ஆலயம் தன்னைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு, எனக்கு அந்தக் கல்லைவிட நல்ல சான்று தேவைப்படவில்லை. அதன் முன்னால் நின்ற பத்து நிமிடங்களில் வேறு எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

யாருக்கு இந்த ஆலயத்தைப் பரிந்துரைக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரணங்கள், மலைப்பாதை, மான் கூட்டம் என்று படங்களில் பார்த்த ஜப்பானைத் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமே. அமைதியை நாடுவோர் புத்தாண்டின் முதல் வாரத்தையும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் சனி ஞாயிறுகளையும் தவிர்க்க வேண்டும். சந்நிதிக்கான வரிசை வாயிலைத் தாண்டித் தெருவுக்கு நீண்டுவிடும், இடத்தின் அளவுக்கு அது தவிர்க்க முடியாதது. வார நாளில் காலை ஆறு மணிக்கே கதவு திறந்துவிடுகிறது. ஏழு மணி அளவில் போனால், வேலைக்குப் போகும் வழியில் பையைத் தோளில் மாட்டியபடியே ஒரு நிமிடம் நின்று கைதட்டிவிட்டு ரயிலுக்கு ஓடும் அக்கம்பக்கத்தாரைப் பார்க்கலாம். இரவு எட்டு மணிக்குக் கதவு அடைப்பார்கள்.

அக்காவின் மகன் தேறிவிட்டான். அறுபத்தெட்டு விழுக்காடு, குடும்பத்தில் சிலருக்கு மனக்குறைதான், ஆனால் 'நடுவில் மேல்' என்பதற்கு அது மிக நெருக்கமான மதிப்பெண் என்பதை நான் மட்டும் அறிவேன். பென்சிலை அவன் கடைசிவரை சீவவே இல்லையாம். பொதுத்தேர்வைப் பேனாவில்தானே எழுத வேண்டும். அது பூசை மாடத்தில் சரசுவதி படத்தின் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுதல் பலித்தால் திரும்ப வந்து நன்றி சொல்வது இங்கேயும் கட்டாயமான வழக்கம், 'ஓரெய் மாயிரி' என்பார்கள், நம் நேர்த்திக்கடன்தான். "போய்ச் சொல்லிட்டியா, சொல்லிட்டியா" என்று அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார். ஊமே பூக்கட்டும் என்று காத்திருக்கிறேன். இந்த முறை ஆண் சரிவில்தான் ஏறுவதாக உத்தேசம்.